தட்டில் வளரும் குட்டித் திசு: ஆர்கனாய்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்கனாய்டு வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் மூன்று விதமான பதில் வரும். ஒன்று, "அப்படின்னா?" இரண்டு, "மூளையையே பாட்டில்ல வளக்கறாங்களாமே, நெசமா?" மூன்றாவது என் அத்தையுடையது: "கண்ணு, என் முழங்காலுக்கு ஒண்ணு வளத்துக் குடுத்துடேன்." இந்த மூன்றுக்கும் வருடக்கணக்கில் பதில் சொல்லிச் சேர்ந்ததுதான் கீழே இருப்பது. என் கை பழகியது குடல் ஆர்கனாய்டில். அதனால் குடலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

ஆர்கனாய்டு என்றால் என்ன?

ஸ்டெம் செல்லைத் (தமிழில் குருத்தணு என்றும் எழுதுகிறார்கள்) தட்டின் தரையில் ஒட்டவிடாமல் கூழ் போன்ற ஒரு பொருளுக்குள் புதைத்தோ, திரவத்தில் மிதக்கவிட்டோ வளர்க்கிறோம். தகுந்த சத்தும் தகுந்த சமிக்ஞையும் கிடைத்தால் அது பெருகும், பல வகைச் செல்களாக மாறும், அந்தச் செல்கள் தங்களைத் தாங்களே அடுக்கிக்கொண்டு ஓர் உறுப்பின் சிறு துண்டு போன்ற அமைப்பை உண்டாக்கும். அந்த உருண்டைக்குத்தான் ஆர்கனாய்டு என்று பெயர். குடல் ஆர்கனாய்டு ரவைத் துகளைவிடச் சிறியது. மூளை ஆர்கனாய்டு நன்றாக வளர்ந்தால் மிளகு அளவுக்கு வரும்.

'உறுப்புப் போலி' என்று ஒரு நண்பர் தமிழாக்கினார். போலி டாக்டர், போலிப் பத்திரம் எல்லாம் நினைவுக்கு வருவதால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஆர்கனாய்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

சாதாரணச் செல் வளர்ப்பிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

நூறு வருடத்துக்கும் மேலாகச் செல்களைக் கண்ணாடித் தட்டிலும் பிளாஸ்டிக் தட்டிலும் வளர்த்துவருகிறார்கள். அங்கே அவை அப்பளம் மாதிரிப் பரவிக் கிடக்கும். உடம்பில் பெரும்பாலான செல்கள் அப்படி இருப்பதில்லை. தட்டையாகக் கிடக்கும் செல் தன் தொழிலையே மறந்துவிடுகிறது: ஈரல் செல் ஈரலின் வேலையைச் செய்வதில்லை, மார்பகச் செல் பால் புரதம் சுரப்பதில்லை. அமெரிக்காவில் பெர்க்லியில் மினா பிஸ்ஸெல் 1980களில் காட்டியது இதைத்தான். அதே மார்பகச் செல்களை மென்மையான ஜெல்லுக்குள் வைத்தபோது அவை நடுவில் வெற்றிடம் விட்டு உருண்டையாக அணிவகுத்தன, அந்த வெற்றிடத்துக்குள் பால் புரதத்தைச் சுரந்தன. செல் மாறவில்லை, அது இருந்த இடம்தான் மாறியது.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் செல்கள் எப்படி அடுக்கிக்கொள்கின்றன?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் நீளும்.

1907இல் அமெரிக்காவில் எச்.வி. வில்சன் ஒரு கடற்பஞ்சை எடுத்து, மாவு சலிக்கும் மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். கடற்பஞ்சு தனித்தனிச் செல்லாக உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. செத்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். உதிர்ந்த செல்கள் ஊர்ந்து போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன, மறுபடி கடற்பஞ்சாகவே ஆயின. 1955இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃபிரெட்டரும் நீர்நில வாழ்விகளின் கருவை உதிர்த்துக் கலக்கி வைத்தார்கள். அங்கேயும் தோலாக வேண்டிய செல்கள் வெளிப்பக்கம் போயின, நரம்பாக வேண்டியவை உள்ளே போயின. ஆக, ஆர்கனாய்டின் அடிப்படை ஆச்சரியம் புதிதல்ல. அது ஸ்டெம் செல் என்ற பேச்சு பரவுவதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

இது எப்படி நடக்கிறது? ஒரு காரணம் பசை. ஒவ்வொரு வகைச் செல்லின் மேலும் கேடரின் போன்ற ஒட்டுப் புரதங்கள் வெவ்வேறு வகையில், வெவ்வேறு அளவில் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், ஆபீஸ்காரர்கள் கடைசி வரிசை என்று ஆகிவிடும். பலமாக ஒட்டுபவர்கள் நடுவில் கூடுவார்கள், ஒட்டாதவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள். செல்களிலும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

இன்னொரு காரணம் பக்கத்து வீட்டுப் பேச்சு. எலிக் குடல் ஆர்கனாய்டை எடுத்துக்கொள்வோம். ஒரு செல்லில் தொடங்கி, முதலில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான வெறும் உருண்டையாகத்தான் அது இருக்கும். பிறகு அதில் ஏதோ ஒரு செல் முதலில் 'பேனத் செல்' ஆகிறது. குடலின் ஸ்டெம் செல்லுக்குத் தாதி வேலை பார்க்கும் செல் அது. அது வந்ததும் சுற்றியிருக்கும் செல்களுக்கு 'நீங்கள் ஸ்டெம் செல்லாகவே இருங்கள்' என்று வேதிச் சமிக்ஞை போகிறது. அந்த இடம் வெளியே பிதுங்கி மொட்டு ஆகிறது. மொட்டுக்கு மொட்டு இடையில் இருக்கும் செல்கள் அந்தச் சமிக்ஞைக்கு எட்டாதவை, அவை சத்தை உறிஞ்சும் குடல் செல்களாக முதிர்கின்றன. சரி, ஏன் அந்த ஒரு செல் மட்டும் முதலில் மாறியது? அப்போது செல்களுக்குள் இருந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வுதான் காரணம் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிரிஸ்கா லிபராலியின் குழு 2019இல் காட்டியது. எல்லாம் ஒரே மரபணு, ஒரே சாப்பாடு, ஆனாலும் யாரோ ஒருவர் முந்திக்கொள்கிறார்.

நாங்கள் ஆய்வகத்தில் எதையும் கட்டுவதில்லை. சூழலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறோம். இதன் பலன், தொல்லை இரண்டும் அதில்தான் இருக்கின்றன. தொல்லையைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டெம் செல் எங்கிருந்து வருகிறது? கருவிலிருந்தா?

கருவிலிருந்தும் வரலாம். மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு முதலில் வளர்த்தது. இன்று பெரும்பாலும் கரு தேவைப்படுவதில்லை, வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, வளர்ந்த மனிதரின் உறுப்பிலேயே இருக்கும் ஸ்டெம் செல். குடலில் எண்டோஸ்கோப்பி செய்யும்போது எடுக்கும் அரிசி மணி அளவுத் திசுவே போதும். இதில் குடலிலிருந்து குடல்தான் வரும், ஈரலிலிருந்து ஈரல்தான் வரும்.

இன்னொன்று, கியோட்டோவில் ஷின்யா யாமனாக்கா திறந்த வழி. 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலைக்கே திருப்பினார். இவைதான் ஐபிஎஸ் செல்கள். 2012இல் ஜான் குர்டனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஐபிஎஸ் செல்லிலிருந்து மூளை, சிறுநீரகம், விழித்திரை என்று எதை நோக்கியும் போகலாம். ஆனால் பாதை நீளம். கரு வளரும்போது நடப்பதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டில் நடத்திக் காட்ட வேண்டும்.

இது எப்போது, யாரால் தொடங்கியது?

இரண்டு இடங்களில், கிட்டத்தட்ட ஒரே காலத்தில்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரின் ஹியூப்ரெக்ட் நிறுவனத்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு 2007இல் எல்ஜிஆர்5 என்ற புரதத்தை அடையாளமாக வைத்துக் குடலின் ஸ்டெம் செல்லைக் கண்டுபிடித்தது. நம் குடலின் உள்பூச்சு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை முழுக்க உதிர்ந்து புதிதாகிறது. அதைச் செய்வது இந்தச் செல்தான். உடம்பில் இவ்வளவு வேகமாகப் பெருகும் செல், வெளியே எடுத்தால் ஒரு நாளில் செத்துவிடும் என்பது அந்தக் காலத்து அனுபவம். ஜப்பானிலிருந்து வந்த மருத்துவர் டோஷிரோ சாட்டோ ஒற்றை எல்ஜிஆர்5 செல்லை ஜெல்லுக்குள் வைத்து, மூன்றே மூன்று புரதம் சேர்த்து வளர்த்தார்: ஈஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பான்டின். அந்த ஒரு செல்லிலிருந்து மொட்டு மொட்டாகக் குடல் வந்தது. 2009இல் வெளியான கட்டுரை அது. அது எலிக் குடல். மனிதக் குடல் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. இன்னும் சில பொருள்கள் கூட்டிச் சேர்த்து 2011இல் அதையும் வளர்த்தார்கள்.

ஜப்பானில் கோபே நகரின் ரிக்கன் நிறுவனத்தில் யோஷிகி சசாய் மறுபக்கத்திலிருந்து வந்தார், கருநிலை ஸ்டெம் செல்லை மிதக்கவிட்டு. 2008இல் மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) போன்ற அடுக்குகள் கிடைத்தன. 2011இல் அவர் குழு வெளியிட்ட வீடியோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எலிச் செல் உருண்டையின் ஓரத்தில் ஒரு குமிழ் புடைக்கிறது, பிறகு அந்தக் குமிழின் முனை தானாகவே உள்பக்கம் குழிந்து கிண்ணமாகிறது. கருவில் கண் உருவாகும்போது நடப்பது இதேதான். கண்ணுக்கு லென்ஸும் தோலும் பக்கத்தில் இருந்து தள்ளினால்தான் அந்தக் குழி விழும் என்று நினைத்திருந்தார்கள். அங்கே தள்ளுவதற்கு ஆளே இல்லை, ஆனாலும் குழி விழுந்தது.

நடைமுறையில் எப்படி வளர்க்கிறீர்கள்? ஒரு நாள் வேலையைச் சொல்லுங்கள்.

குடல் ஆர்கனாய்டுக்கு வாரம் ஒருமுறை 'பிரிக்கும் நாள்' வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் மொட்டுகள் நீண்டு, நடுவில் இருக்கும் வெற்றிடம் செத்த செல்லால் கருத்துப் போயிருக்கும். குடலின் உட்பக்கம் உருண்டைக்குள்ளே இருப்பதால் உதிரும் குப்பை வெளியேற வழியில்லை. அப்போது பிரித்தாக வேண்டும்.

முந்தின இரவே, முன்னே சொன்ன கூழான 'மேட்ரிஜெல்' இருக்கும் குப்பியை ஃப்ரிட்ஜில் உருக வைத்திருப்போம். காலையில் ஐஸ் பெட்டி. பிப்பெட் (திரவத்தை அளந்து உறிஞ்சும் கருவி) முனைகளும் ஃபிரீசரிலிருந்து நேராக வரும். பழைய ஜெல்லைக் குளிர்ந்த திரவத்தில் கரைத்து, ஆர்கனாய்டுகளைக் குறுகலான முனையில் பத்து இருபது தடவை மேலும் கீழும் இழுத்தால் மொட்டுகள் துண்டு துண்டாகும். சுழற்றி அடியில் படியவைத்து, மேலே நிற்பதை உறிஞ்சிவிட்டு, அந்தத் துண்டுகளைக் குளிர்ந்த மேட்ரிஜெல்லில் குமிழி வராமல் கலக்க வேண்டும். பிறகு, சூடாக வைத்திருந்த தட்டின் ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு சொட்டு, சுமார் 50 மைக்ரோலிட்டர். இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது போலத்தான், ஓரத்தைத் தொடக் கூடாது. உடனே தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். கவிழ்க்காவிட்டால் துண்டுகள் தரைக்கு இறங்கி ஒட்டிக்கொண்டு, பழைய அப்பளக் கதை ஆகிவிடும். பதினைந்து நிமிடத்தில் ஜெல் இறுகும். மேலே மீடியம் (செல்லுக்குச் சாப்பாடான சத்துத் திரவம்) ஊற்றினால் வேலை முடிந்தது.

மீடியத்தின் நிறம்தான் எங்களுக்கு நாடி. சிவப்பாக இருந்தால் நலம், ஆரஞ்சு என்றால் சாப்பிட்டுவிட்டார்கள், மஞ்சள் என்றால் நீங்கள் நேற்றே வந்திருக்க வேண்டும். ஒரே இரவில் மஞ்சளாகிக் கலங்கலாகவும் இருந்தால் பாக்டீரியா. தட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

மேட்ரிஜெல் 4 டிகிரியில் தண்ணீர், சூடேறினால் கெட்டி. இதைப் படித்திருந்தும், சேர்ந்த புதிதில் ஒரு குப்பியை மேடையில் வைத்துவிட்டு வாசலில் போய் ஃபோன் பேசிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் குப்பியைச் சாய்த்தாலும் அசையவில்லை. திரும்ப ஐஸில் வைத்தால் இளகும் என்று நம்பி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். இளகவில்லை. அதன் விலை என் உதவித்தொகையில் எவ்வளவு என்று ஆய்வகத்தில் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். அன்றிலிருந்து ஃபோன் பையில்தான்.

அந்த ஜெல் எதிலிருந்து செய்வது?

எலிக்கு வரும் ஒரு வகைப் புற்றுக்கட்டியிலிருந்து. அந்தக் கட்டி, செல்கள் உட்காரும் அடித்தளப் புரதங்களை, முக்கியமாக லாமினினையும் நான்காம் வகைக் கொலாஜனையும், அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதைப் பிழிந்து எடுத்ததுதான் மேட்ரிஜெல். குப்பிக்குக் குப்பி கொஞ்சம் மாறும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியலும் கையில் இருக்காது. மனிதருக்குள் வைக்கப்போகும் திசுவை எலிப் புற்றுக்கட்டியின் சாற்றில் வளர்ப்பதா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் செயற்கை ஜெல்கள் செய்யும் முயற்சி நடக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சுத்த சைவக்காரர், 'நான் சாப்பிடப் போவதில்லையே' என்று சொல்லித் தினமும் அதைக் கையாள்கிறார்.

மூளையையும் வளர்க்கிறார்களாமே?

மூளை போன்ற திசுவை வளர்க்கிறார்கள். 2013இல் வியன்னாவில் யூர்கன் நோப்லிக் ஆய்வகத்தில் மேட்லின் லேன்காஸ்டர் வெளியிட்ட முறைதான் பிரபலமானது. ஸ்டெம் செல்லை உருண்டையாகத் திரட்டி, நரம்புப் பாதைக்குத் திருப்பி, ஒவ்வோர் உருண்டையையும் ஒரு மேட்ரிஜெல் சொட்டுக்குள் வைத்து, சுழலும் கலனில் மீடியத்தோடு சுற்றவிடுவது. சுற்றினால் ஆக்சிஜனும் சத்தும் கூடுதலாக உள்ளே போகும். சில வாரத்தில் மூளைப் புறணி போன்ற பகுதி ஒரு பக்கம், விழித்திரையின் கருநிறப் புள்ளி இன்னொரு பக்கம் என்று கலந்து வந்தன. கூடவே, பிறவியிலேயே தலை சிறுத்துப்போகும் மைக்ரோசெஃபலி உள்ள ஒரு நோயாளியின் செல்லிலிருந்தும் வளர்த்தார்கள். அந்த உருண்டைகள் சிறியதாகவே நின்றன. மூல செல்கள் போதுமான அளவு பெருகுவதற்கு முன்பே அவசரப்பட்டு நரம்புச் செல்லாகிவிட்டதுதான் காரணம் என்று தெரிந்தது. எலியில் அதே மரபணுவைக் கெடுத்தால் மனிதருக்கு வருவது போன்ற கடுமையான பாதிப்பு வருவதில்லை. மனிதத் திசுவே வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதில் அவசரப்பட முடியாது. மனிதச் செல் தட்டில் இருந்தாலும் மனிதக் கருவின் வேகத்தில்தான் போகும். எலிக்கு வாரக்கணக்கு என்றால் இதற்கு மாதக்கணக்கு.

அதற்கு வலிக்குமா? யோசிக்குமா?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். மிளகு அளவு ஆர்கனாய்டில் சில பத்து லட்சம் செல்கள் இருந்தால் அதிகம். கண் இல்லை, தோல் இல்லை, உள்ளே வரும் செய்தியும் இல்லை, வெளியே போகும் கட்டளையும் இல்லை. மின் துடிப்பு இருக்கிறது, அது உண்மை. துடிப்பு இருப்பதாலேயே சிந்தனை இருக்கிறது என்று ஆகாது. 'மினி மூளை' என்ற பத்திரிகைப் பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஆனால் கேள்வியையே சிரித்துத் தள்ளுபவர்களோடும் நான் சேர மாட்டேன். 2022இல் ஸ்டான்ஃபோர்டில் செர்ஜியு பாஷ்கா குழு மனித மூளை ஆர்கனாய்டைப் பிறந்த சில நாளே ஆன எலியின் மூளைக்குள் வைத்தது. எலியின் ரத்தக் குழாய்கள் அதற்குள் புகுந்தன, செல்கள் தட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரிதாயின, எலியின் மீசையைத் தொட்டால் மனித நரம்புச் செல்கள் பதில் கொடுத்தன. தட்டில் தனியாகக் கிடப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கம் இப்படிப்பட்ட வேலைகளுக்குத் தனிப் பரிசீலனை வேண்டும் என்கிறது. வேண்டும்தான்.

ஏன் பெரிதாக வளர்ப்பதில்லை?

ரத்தக் குழாய் இல்லாததால். ஆக்சிஜன் திசுவுக்குள் தானாக ஊறிப்போகும் தூரம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். உருண்டை பெருத்தால் நடுப்பகுதி மூச்சுத் திணறிச் சாகும். பெரிய கொழுக்கட்டையின் நடுவில் மாவு வேகாமல் நிற்குமே, அதே கணக்கு. லேன்காஸ்டர் பின்னாளில் கேம்பிரிட்ஜில் ஒரு சுலபமான வழி பார்த்தார்: உருண்டையை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கீழே மீடியம் மேலே காற்று என்று வைத்து வளர்ப்பது. பக்கத்தில் எலியின் தண்டுவடத் துண்டை வைத்தபோது மனித நரம்புகள் நீண்டு போய் அதைத் தொட்டன, அதோடு ஒட்டியிருந்த தசை துடித்தது.

இதனால் இதுவரை யாருக்காவது பலன் கிடைத்ததா?

கிடைத்திருக்கிறது. நேரடியாக நோயாளிக்கே கிடைத்த இடம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உப்பும் தண்ணீரும் செல்லுக்கு வெளியே போக வழிவிடும் ஒரு புரதக் கதவு கெட்டுப்போவதால் நுரையீரலில் சளி கெட்டியாகும் பரம்பரை நோய் அது. உட்ரெக்டில் ஜெஃப்ரி பீக்மன் குழு 2013இல் ஒரு சோதனையை வெளியிட்டது. நோயாளியின் மலக்குடலிலிருந்து சிறு துண்டு எடுத்து ஆர்கனாய்டு வளர்த்து, அந்தக் கதவைத் திறக்கத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளை ஊற்றுவார்கள். கதவு வேலை செய்தால் தண்ணீர் செல்களைத் தாண்டி நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்குள் புகுந்து, உருண்டை ஒரு மணி நேரத்துக்குள் பூரி மாதிரி உப்பும். நோயாளியுடையது உப்பாது. இப்போது மருந்தைச் சேர்த்துப் பாருங்கள். உப்பினால் அந்த மருந்து அந்த நோயாளிக்குப் பலன் தர வாய்ப்பு உண்டு. இந்த நோயில் மிக அபூர்வமான மரபணுப் பிழை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக யாரும் நூறு பேர் கொண்ட மருந்துச் சோதனை நடத்த முடியாது, நூறு பேரே இருக்க மாட்டார்கள். நெதர்லாந்தில் அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து தேர்வு செய்ய இந்த உருண்டைகள் உதவின.

அடுத்தது தொற்றுநோய். 2015இல் பிரேசிலில் சிறு தலையோடு குழந்தைகள் பிறந்தபோது ஜிகா வைரஸ் மேல் சந்தேகம் இருந்தது, நிரூபணம் இல்லை. 2016இல் ரியோ டி ஜெனிரோவிலும் அமெரிக்காவிலும் மூளை ஆர்கனாய்டில் வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். அது மூல நரம்புச் செல்களைத் தேடிப்பிடித்துக் கொன்றது, உருண்டைகள் சிறுத்தன. அமெரிக்கக் குழு பயன்படுத்திய குட்டிச் சுழல் கலனை முப்பரிமாண அச்சில் வடிவமைத்ததில் கோடை விடுமுறைக்கு வந்த பள்ளி மாணவர்களுக்கும் பங்கு உண்டு.

நோரோ வைரஸ் கதை இன்னும் சுவை. வாந்தி பேதி உண்டாக்கும் இந்த வைரஸ் 1968இல் ஒஹாயோவின் நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவியதால் பெயர் பெற்றது, 1972இல் நுண்ணோக்கியில் தெரிந்தது. அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் யாராலும் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. 2016இல் ஹூஸ்டனில் மேரி எஸ்டஸ் குழு மனிதக் குடல் ஆர்கனாய்டிலிருந்து எடுத்த செல்களில் வளர்த்துக் காட்டியது. சில வகைகள் அப்போதும் மசியவில்லை, மீடியத்தில் பித்தநீர் சேர்த்ததும் வளர்ந்தன. யோசித்தால் எவ்வளவு இயல்பு! அந்த வைரஸ் குடியிருக்கும் வீட்டில் எப்போதும் பித்தநீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

புற்றுநோயில் நோயாளியின் கட்டியிலிருந்தே ஆர்கனாய்டு வளர்த்து மருந்துகளை ஊற்றிப் பார்க்கிறார்கள். 2018இல் பிரிட்டனில் செரிமானப் பாதைப் புற்று நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆர்கனாய்டில் வேலை செய்யாத மருந்து நோயாளிக்கும் வேலை செய்யவில்லை. ஆர்கனாய்டில் வேலை செய்தவை 88 சதவீதம் நோயாளிக்கும் வேலை செய்தன. ஆய்வில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆர்கனாய்டு வளர்ந்து முடிவு வருவதற்குள் நோய் முற்றிவிடும் ஆபத்தும் உண்டு.

எல்லா ஆர்கனாய்டும் ஒரே மாதிரி இருக்குமா?

இருக்காது. முன்னே சொன்ன தொல்லை இதுதான். ஒரே தட்டு, ஒரே நாள், ஒரே கை. ஒன்றில் ஆறு மொட்டு, பக்கத்தில் இருப்பதில் மொட்டே இல்லை. மூளை ஆர்கனாய்டில் ஒன்றில் புறணி அதிகம், இன்னொன்றில் கண் பகுதி அதிகம். தானாக அடுக்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்துவிட்டால் தானாகத் தவறிப்போகும் உரிமையும் கூடவே போகிறது. சமிக்ஞைப் பொருள்களை இன்னும் நெருக்கமாகக் கட்டுப்படுத்திக் குறிப்பிட்ட பகுதியை மட்டும் வளர்த்தால் மாறுபாடு குறைகிறது, கூடவே அந்தச் சுதந்திரமும் குறைகிறது. ஒரே ஒரு அழகான படத்தைக் காட்டி முடிவு சொல்லும் கட்டுரையைப் பார்த்தால், மற்ற தொண்ணூற்றொன்பது உருண்டைகள் எங்கே என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இனி விலங்குச் சோதனை வேண்டாமா?

குறையும், நின்றுவிடாது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம், மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற பழைய விதியைத் தளர்த்தியது. இந்தியாவிலும் 2023இல் புதிய மருந்துகள் விதியைத் திருத்தி, ஆர்கனாய்டு போன்ற முறைகளின் முடிவையும் ஏற்கலாம் என்றார்கள். ஆனால் ஈரலில் சிதைந்த மருந்து சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்பது மாதிரி உறுப்புக்கு உறுப்பு நடக்கும் விவகாரத்தைத் தனி உருண்டை சொல்லாது.

உறுப்பு மாற்றுக்கு எப்போது வரும்? (அத்தையின் கேள்வி)

முழு உறுப்பு வெகு தூரம். முழங்கால் மூட்டு இந்த வரிசையிலேயே இல்லை, அத்தை மன்னிக்கவும். ஆனால் 'ஒட்டுப் போடும்' அளவுக்கு வந்திருக்கிறது. 2021இல் கேம்பிரிட்ஜில், மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிய மனித ஈரல்களை உடம்புக்கு வெளியே ரத்தம் ஓட்டி வைத்து, பித்தநாள ஆர்கனாய்டுகளைச் செலுத்தினார்கள். அவை போய் ஒட்டி நாளத்தைச் சீர்செய்தன. 2022இல் டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பெருங்குடல் புண் நோயாளி ஒருவருக்கு, அவருடைய குடலிலிருந்தே வளர்த்த ஆர்கனாய்டைப் புண்ணின் மேல் வைத்தார்கள்.

இந்தியாவில் இந்த வேலை நடக்கிறதா?

நடக்கிறது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் ஐபிஎஸ் செல்லிலிருந்து குட்டி விழிவெண்படலம் (கார்னியா) வளர்த்து 2017இல் வெளியிட்டார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

'ஸ்டெம் செல் சிகிச்சை, மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும்' என்று விளம்பரம் வருகிறதே, அது இதுவா?

இல்லை. ஆர்கனாய்டுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் தொடர்பான நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டும்தான் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. யாராவது பேக்கேஜ் விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனிதத் திசு மட்டும்தானா?

கிளெவர்ஸ் ஆய்வகத்தில் சில மாணவர்கள் ஆர்வத்தில் பாம்பின் விஷச் சுரப்பியிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்தார்கள், 2020இல் வெளியானது. அது நிஜமாகவே விஷம் சுரந்தது. 37 டிகிரியில் வளரவில்லை, பாம்பின் உடம்புக்கு ஏற்ப 32க்கு இறக்கியதும் வளர்ந்தது. அடுத்த வருடம் அங்கேயே மனிதக் கண்ணீர்ச் சுரப்பி. நரம்புச் சமிக்ஞைப் பொருளை ஊற்றினால் அது அழுதது. கண்ணீர் வெளியே போக வழியில்லாததால் உள்ளுக்குள்ளேயே தேங்கி உருண்டை வீங்கியது.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

உயிர்த்தொழில்நுட்பம், விலங்கியல், மருத்துவம், எது வழியாகவும் வரலாம். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள், அந்தத் தொண்ணூற்றொன்பது உருண்டைகளை எண்ண அதுதான் தேவைப்படும். சேருவதற்கு முன் வீட்டில் ஒன்றைச் சொல்லிவைப்பது நல்லது: இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்ற வேண்டும், அந்த நாள் ஞாயிறாக இருந்தாலும், தீபாவளியாக இருந்தாலும்.